சமையலறை ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி

ரய்யாவின் புது வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு முற்பகல். கையில் ஒரு தட்டு ஹல்வா, இடுப்பில் எப்போதும் உள்ள வலி. சந்து திரும்பியதும் எதிரே ஒரு கிழவி வருவதைப் பார்த்தேன். கறுப்பு அபாயா, கையில் தட்டு. யார் இவள், நமக்கு முன்னால் ஹல்வாவோடு வந்து நிற்கிறாளே என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இன்னும் நாலு அடி வைத்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. சமையலறை ஜன்னல் முழுவதும் முகம் காட்டும் கண்ணாடி.

கதவைத் திறந்தபோது ரய்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை நீங்களே மொறைச்சீங்களே மாமி, அதை உள்ளேருந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பார்த்தியா? அப்ப கதவைத் திறக்கறதுக்கு என்ன கேடு?"

"இன்னும் கொஞ்ச நேரம் மொறைப்பீங்களான்னு பார்த்தேன்."

அவளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்படியில் நிறுத்தினாள். உள்ளேயிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடி கண்ணாடியாகவே இல்லை. லேசான தேநீர் நிறத்தில் சந்து முழுவதும் தெரிந்தது. எட்டடி தள்ளி எதிர்ச் சுவர். அதில் மரக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கட்டிலில் சாய்ந்தபடி ஸுவைனா.

"பாருங்க மாமி. நேரா என்னைத்தான் பார்க்கறா. ஆனா நான் அவளுக்குத் தெரியலை," என்றாள் ரய்யா, மெதுவாக, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல.

அந்த ஜன்னலின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. அது தெரியாமல் மற்றது புரியாது.

ரய்யாவின் கணவன் கல்ஃபான். ஸுவைனா அவனுடைய ஒரே அக்கா. இளம் வயதில் விதவையாகி, இஸ்கி ஊரில் எங்கள் சந்திலிருந்த அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். நாற்பதில் வாதம் வந்து இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து பதினோரு வருஷம் அவளைத் தூக்கி, துடைத்து, தலைவாரி, சோறு போட்டுப் பார்த்துக்கொண்டவள் ரய்யாதான். கல்ஃபானுக்கு மஸ்கத் துறைமுகத்தில் வேலை. புதன் இரவு வருவான், வெள்ளி சாயங்காலம் போய்விடுவான். வேலைக்கு வைத்த இரண்டு பெண்களையும் ஸுவைனா ஒரே மாதத்தில் அழவைத்து அனுப்பிவிட்டாள்.

வாய் அப்படி. ரய்யா, தண்ணி. ரய்யா, ஃபேன். ரய்யா, அடுப்புல என்ன கருகுது. பதினோரு வருஷத்தில் ரய்யா ஒரு குவளை கஹ்வாக் காப்பியைக்கூடச் சூடாகக் குடித்ததில்லை. பிள்ளைகளும் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யாரும் கூப்பிடாத ஒரு வீடு.

கல்ஃபான் நல்லவன். கட்டிக் கொடுத்தான். ஆனால் அக்காவையும் விட முடியவில்லை. அதனால் சந்துக்கு அந்தப் பக்கமே கட்டினான். சமையலறையை அக்காவின் ஜன்னலுக்கு நேரெதிரே வைத்தான். அக்காவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் பச்சைத் துணியைக் கம்பிக்கு வெளியே ஆட்ட வேண்டியது, ரய்யா பார்த்துவிட்டு வர வேண்டியது. இதுதான் ஏற்பாடு. கைப்பேசியெல்லாம் வராத காலம்.

கண்ணாடி வாங்கப் போன அன்று நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். என் அலமாரிக் கதவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி வேண்டியிருந்தது. கடைக்காரர் தாத்கரீம், பலூச்சி மனிதர். மூன்று துண்டுகளை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒன்று மழைத் தாரைபோல வரி போட்டது. ஒன்று புகை நிறம். ஒன்று வெள்ளிபோலப் பளபளத்தது.

"சாதாவே போடலாமே," என்றான் கல்ஃபான். "அக்கா பார்த்தா என்ன? அக்காதானே."

"தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு என் அடுப்படியில நான் நிக்கணும். ஒரு நாளாவது. அதை யாரும் பார்த்துக்கிட்டே இருக்கக் கூடாது," என்றாள் ரய்யா.

"அப்ப இந்த வரி போட்டது?"

தாத்கரீம் வேண்டாமென்று தலையாட்டினார். "அதுல நிழல் மாதிரிதான் தெரியும். ரெண்டு பக்கமும் அதே கதைதான்."

"அப்ப இவளுக்கு அக்கா தெரியாது. அது ஆகாது," என்றான் கல்ஃபான்.

தாத்கரீம் வெள்ளித் துண்டைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனார். "இது வேற ஜாதி. வெளிச்சம் எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்கு அவங்க மூஞ்சிதான் தெரியும். இருட்டுப் பக்கம் நிக்கறவங்க அடுத்த பக்கத்தை நல்லாப் பார்க்கலாம். பகல்ல வெளிய வெயிலு, உள்ள நிழலு. ராத்திரி லைட்டைப் போட்டா மட்டும் திரையை இழுத்து விட்டுடுங்க."

கல்ஃபான் முகம் தெளிந்துவிட்டது. "இதுதான் சரி. நீ அவளைப் பார்ப்ப. அவ உன்னைப் பார்க்க மாட்டா. சண்டையே கிடையாது."

ரய்யா அதில் தன் முகத்தைப் பார்த்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். "இதையே போடுங்க," என்றாள்.

நானும் நல்ல யோசனை என்றேன். அதை மறைத்தால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

ஹல்வா கொண்டுபோன அன்றே ஸுவைனாவையும் பார்த்துவிட்டு வந்தேன்.

"வா பஹியா, உக்காரு," என்றாள். "என் தம்பி பொண்டாட்டி எனக்கு எவ்வளவு பெரிய கண்ணாடி வாங்கி மாட்டியிருக்கா பார்த்தியா? காலையிலேருந்து இந்த மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். சின்ன வயசுலயே எனக்கு இதைப் பிடிக்காது."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு தலையணையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "போகட்டும். அவ அங்கேருந்து பார்த்துக்கிட்டேதான் இருக்கான்னு கல்ஃபான் சொன்னான். அது போதும் எனக்கு."

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் ரய்யா அடுப்படியில் எனக்குக் கஹ்வா ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரே பச்சைத் துணி ஆடியது.

"கூப்பிடறாளே," என்றேன்.

"தெரியுது. குடிச்சுட்டுப் போறேன். நாம இங்க இருக்கறது அவளுக்கு எப்படித் தெரியும்?"

துணி ஆடிக்கொண்டே இருந்தது. நாங்கள் குடித்தோம். சூடாக இருந்தது, நன்றாக இருந்தது. நான் இரண்டாவது குவளையும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் மாதம் பிறந்தது. ஒரு திங்கட்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் என்னை அழைக்க வந்தார்கள். எங்கள் சந்தில் பெண்கள் யார் இறந்தாலும் குளிப்பாட்டுவது நான்தான்.

ஸுவைனாவின் அறைக்குள் நுழைந்தபோது சூளைக்குள் நுழைந்ததுபோல இருந்தது. முற்பகலிலேயே அந்த வீட்டு மின்சாரம் மட்டும் கோளாறாகி ஏ.சி. நின்றிருக்கிறது. தண்ணீர் ஜாடி தரையில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. பச்சைத் துணி ஜன்னலுக்கு வெளியே விழுந்து வெயிலில் மொடமொடவென்று காய்ந்திருந்தது. இலந்தை இலையும் கற்பூரமும் கரைத்த நீரில் அவள் கையைக் கழுவும்போது பார்த்தேன். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. ஜன்னல் கட்டையில் தட்டியிருக்கிறாள். வெகுநேரம் தட்டியிருக்கிறாள்.

இதயம் பலவீனம், வெக்கை தாங்கவில்லை என்றார் மருத்துவர். கல்ஃபான் மஸ்கத்திலிருந்து ஓடி வந்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதான்.

"நான் தூங்கிட்டேன்," என்றாள் ரய்யா. "ஜன்னல் பக்கமே போகலை."

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. பதினோரு வருஷம் பார்த்தவளை யார் என்ன சொல்ல முடியும்? மூன்று நாள் துக்கம் முடிந்தது. பழைய வீட்டின் கதவுகளை அடைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டிவிட்டு கல்ஃபான் வேலைக்குத் திரும்பினான்.

ஒரு வாரம் கழித்து, முற்பகல் பத்து மணி இருக்கும், ரய்யா என் வாசலில் வந்து நின்றாள். காலில் செருப்பு இல்லை. அந்த வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள்.

"மாமி, ஒரு தடவை வந்து பாருங்க. என் கண்ணுக்கு மட்டும்தானான்னு தெரியணும்."

போனேன்.

அடுப்படி நிழலாக, குளுமையாக இருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். சந்து இல்லை. எதிர்ச் சுவர் இல்லை. நானும் ரய்யாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"லைட்டு எரியுது, அதான்," என்றேன்.

"எரியலை மாமி. அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

பக்கத்து அறையின் விளக்கையும் அணைத்தோம். கதவைச் சாத்தினோம். உள்ளே இருட்ட இருட்ட எங்கள் முகங்கள் இன்னும் தெளிந்துகொண்டே வந்தன.

வெளிச்சம் கூடுதலான பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் முகம் தெரியும். அப்படியானால் இந்த இருட்டு அடுப்படியைவிட வெளியே இருட்டாக இருக்க வேண்டும். வெளியிலோ ஜூன் மாத வெயில் கல்லை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"நீ இங்கயே நில்லு. நான் வெளியேருந்து பார்த்துட்டு வரேன்," என்றேன்.

சுற்றிக்கொண்டு சந்துக்கு வந்தேன். ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு காகம்கூட இல்லை. செருப்பு தரையில் ஒட்டி ஒட்டி வந்தது. ஜன்னலின் முன் வந்து நின்றேன்.

என் முகம் அதில் தெரியவில்லை.

தண்ணீரைப்போலத் தெளிவாக உள்ளே எல்லாம் தெரிந்தது. அடுப்பு தெரிந்தது. ரய்யாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவுகூடத் தெரிந்தது. அவள் நேராக என் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையை ஆட்டினேன்.

அவள் கன்னத்து மாவைத் துடைத்தாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"ரய்யா," என்று கூப்பிட்டேன்.

விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டினேன். ஒரு தரம். பத்து தரம். ஒரு சாண் தூரத்தில் நிற்கிறாள், இமைகூட அசையவில்லை. என் தொண்டை வறண்டுகொண்டே வந்தது. மூடிய வாசலுக்கு வெளியே நிற்கிற பிச்சைக்காரிபோல ஒரு வெட்கம் உடம்பெல்லாம் பரவியது. பிறகு வெட்கம் போய்க் கோபம் வந்தது. கோபமும் போய், பயம் மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் வாசனை வந்தது.

இலந்தை இலை. கற்பூரம்.

அந்தத் தண்ணீரைக் கரைத்தவள் நான். ஊற்றியவள் நான். எனக்குத் தெரியாதா?

என் இடது தோளுக்கு அருகில், என் உயரத்துக்கு, யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். பதினோரு வருஷமாக நிற்க முடியாதவள்.

நான் திரும்பவில்லை.

ஒரு ஓசை கேட்டது. சின்ன ஓசை. நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிந்து, மறுபடி ஒட்டும் ஓசை.

பிறகு மெதுவாக, காதருகே:

"பார்க்கறா. வந்துடுவா."

அதில் கோபம் இல்லை, கண்ணுகளா. கோபம் இருந்திருந்தால் நான் ஓடியிருப்பேன். நம்பிக்கை இருந்தது. அதனால்தான் என்னால் அசைய முடியவில்லை.

எப்படி உள்ளே வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. ரய்யா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க போனீங்க மாமி? ஒரு மணி நேரமாச்சு. கண்ணாடியையே பார்த்துக்கிட்டு இருக்கேன், நீங்க வந்த மாதிரியே இல்லை."

எனக்கு அது பத்து நிமிஷம் போலத்தான் இருந்தது. ஜாடியை எடுத்து முழுவதையும் குடித்தேன். பிறகு கேட்டேன்.

"அன்னிக்கு நீ தூங்கலை, இல்ல?"

ரய்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன் மாமி. பச்சைத் துணி ஆடுச்சு. டி.வி.யைத் திருப்பி வைக்கணும்பா, இல்ல இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேப்பா. போகட்டும், இதை முடிச்சுட்டுப் போவோம்னு நெனச்சேன். முடிச்சேன். இன்னும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கட்டையில தட்டற சத்தம் வந்துச்சு. என்ன திமிரு, நான் என்ன அவ வாங்கின அடிமையான்னு தோணுச்சு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிர்ல உக்காந்தேன். உக்காந்து பார்த்தேன் மாமி. எவ்வளவு நேரம்தான் கூப்பிடறா, பார்த்துடலாம்னு."

"கஷ்டப்படறான்னு தெரியலையா உனக்கு?"

கைகளை விரித்துப் பார்த்தாள்.

"அவ நேரா என்னைப் பார்த்தா. என்னமோ சொன்னா. வாய் அசைஞ்சுது. நான் இருக்கறது அவளுக்குத் தெரியாது, அப்ப நான் இல்லாத மாதிரிதானேன்னு இருந்துச்சு. துணி கீழ விழுந்துச்சு. சரி, சலிச்சுப்போய் தூங்கிட்டான்னு நானும் போய்ப் படுத்துட்டேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் திட்டுவேன்? அந்த இரண்டாவது குவளை கஹ்வாவைக் குடித்த வாய்தானே இது.

தாத்கரீம் வந்து அந்தக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார். சாதாக் கண்ணாடி போட்டார். மறுநாள் முற்பகலில் அதிலும் ரய்யாவின் முகம்தான் தெரிந்தது. கொத்தனாரை வைத்து ஜன்னலையே அடைத்துப் பூசினார்கள். அதற்குப் பிறகு படுக்கையறை ஜன்னல் அப்படி ஆனது. அதற்குப் பிறகு கூடத்து ஜன்னல். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே நிற்பவளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வெளியே இருப்பவர்களுக்கு அவள் தெரிவாள்.

கடைசியில் கல்ஃபானிடம் சொல்லிவிட்டாள். அவன் தலை குனிந்து முழுவதையும் கேட்டான். கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டானாம்.

"எவ்வளவு நேரம் ஆட்டினா?"

"தெரியலை," என்றாளாம் ரய்யா.

அவன் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. தள்ளி வைக்கவும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, அவளைத் தன்னோடு மஸ்கத் துறைமுகத்தை ஒட்டிய மத்ராவுக்கு அழைத்துக்கொண்டு போனான். மூன்றாம் மாடியில் ஒரு வீடு. எதிரே வீடு இல்லை, சந்து இல்லை. கடல் மட்டும்தான்.

நாலு வருஷம் கழித்து, கண் வைத்தியத்துக்காக மஸ்கத் போனபோது அவளைப் பார்க்கப் போனேன். கல்ஃபான் வேலைக்குப் போயிருந்தான். ரய்யா இளைத்திருந்தாள், ஆனால் முகம் அமைதியாக இருந்தது. ஜன்னல்களில் திரையே இல்லை. கடல் மினுக்கிக்கொண்டிருந்தது. நிம்மதியாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேரீச்சம்பழத் தட்டை என் முன்னால் வைத்தாள். ஊர்க்கதை பேசினோம். யார் வீட்டில் கல்யாணம், யார் யாரோடு பேசுவதில்லை என்றெல்லாம். பேச்சின் நடுவில் சட்டென்று எழுந்தாள்.

"வரேன், வரேன்," என்று சொல்லிக்கொண்டே உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தாள். மூன்றாவது தடவை நான் அவள் கையைப் பிடித்தேன்.

"யாரும்மா கூப்பிடறாங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கூப்பிடறப்பல்லாம் போயிடறேன் மாமி. ஒரே ஒரு தடவைதானே போகலை."

"ராத்திரியிலயுமா?"

"அவளுக்கு ராத்திரி ஏது, பகல் ஏது."

மதியச் சாப்பாட்டுக்காக அடுப்படிக்குப் போனாள். நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கடல் ஓசை, ஏ.சி.யின் ஓசை, அவள் மாவு பிசையும் ஓசை. அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள், மிகச் சாதாரணமாக.

"மாமி, கையெல்லாம் மாவு. நீங்க கொஞ்சம் கொண்டுபோய்க் குடுத்துடுங்களேன். மேடையில குவளை இருக்கு பாருங்க."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுடைய முதுகைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. நிறைந்த குவளையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன்.

வெறும் அறை. கட்டில்கூட இல்லை. ஒரே ஒரு ஜன்னல், சாத்தியிருந்தது. அதற்கு அப்பால் மூன்று மாடி உயரக் காற்றும் வெயிலும். குவளையை ஜன்னல் கட்டையில் வைத்தேன். பிஸ்மில்லாஹ் சொன்னேன். திரும்பி மூன்று அடி நடந்தேன். கதவருகே நின்று பார்த்தேன்.

குவளை அதே இடத்தில் இருந்தது. கட்டை காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது.

குவளைக்குள் ஒன்றும் இல்லை.

எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். ரய்யா திரும்பாமலே கேட்டாள்.

"போதும்னாளா?"

"ஒண்ணும் சொல்லலைம்மா," என்றேன்.

ரய்யா கையிலிருந்த மாவைக் கழுவிவிட்டு வந்து, என்னிடமிருந்து குவளையை வாங்கி, மறுபடி நிரப்பினாள்.